ஒரு குத்து விட்டால் குளிர் வரும்

போன வாரம் எருமைக்கு உயிர் வந்ததைப் பார்த்தோம். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எருமை என்பது ஒரு லாரி. கறுப்பு நிறம், பெருத்த உடம்பு, நினைத்த இடத்தில் நின்றுகொள்ளும் பிடிவாதம். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

அதை வாங்கி ஓட்டியவர் அப்பா. ஊரில் அவருக்கு 'இடி' என்று பெயர். குரலும் அப்படி, கையும் அப்படி. சோதனைச் சாவடியில் ஒரு காவலரின் தாடையைப் பெயர்த்துவிட்டு அவர் ஜெயிலுக்கு உள்ளே போனார். எருமை ஷெட்டின் மூலையில் நின்று துருப்பிடித்தது. அதைத்தான் அண்ணனும் தங்கையும் சேர்ந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணன் எஞ்சின்காரன். தங்கை வண்டிகளுக்கு ஏசி பார்க்கிறவள், அதனால் எல்லோருக்கும் ஜில்லு.

இன்று மாலை நாலு மணிக்கு மருந்துக் கம்பெனியின் ஆள் வருகிறார். தொலைதூர ஓட்டத்துக்கு வண்டி எடுக்கிறார்கள், டிரைவர் கேபினில் ஏசி இருந்தே ஆகவேண்டும் என்பது அவர்கள் சட்டம். எருமை தேறிவிட்டால் அண்ணனுக்கு நிரந்தர ஓட்டம். ஊர் ஊராக அடுத்தவன் பட்டறையில் படுத்து எழுந்த மனிதன், முதன்முதலாகத் தன் வண்டியில் தானே உட்கார்ந்து ஓட்டுவான்.

இதற்கிடையில் அப்பா வெளியே வந்துவிட்டார். நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடுதலை. சிரிக்காதீர்கள், அப்படித்தான் காரணம் சொன்னார்கள். இது அண்ணனுக்குத் தெரியாது. ஜில்லுவுக்குத் தெரியும். தெரிந்ததோடு விட்டாளா? "மத்தியானம் ஷெட்டுக்கு வாங்கப்பா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்" என்று நேற்றே போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா மாதத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வருகிறவர். வரும்போது பை நிறைய ஆரஞ்சுப் பழம் இருக்கும். கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார். அவள் மேல் ஒரு விரல் பட்டதில்லை. அண்ணன்தான் காரணமே சொல்லாமல் வீட்டை விட்டுப் போனவன். அம்மா கண்மூடிய அன்றுகூட அப்பா முன்வாசலிலும் அவன் பின்வாசலிலுமாக நின்றார்கள். இரண்டு பேரையும் ஒரே வண்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். பாவம், ஏசி மெக்கானிக் அல்லவா, சூட்டைக் கண்டால் தணித்துவிடலாம் என்றே நினைப்பு.

காலையில் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது ஏசிதான்.

கேஸின் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திவிட்டு அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடுகிறது. ஒரு முள் இறங்கி நிற்கிறது, ஒரு முள் ஏறி நிற்கிறது. நிற்க வேண்டிய இடம்தான். கேபினில் நல்ல குளிர். சட்டென்று 'டிக்' என்று ஒரு சத்தம். கம்ப்ரஸரின் கிளட்ச் கையை விட்டுவிட்டது. இரண்டு முள்ளும் மெதுவாக நகர்ந்து ஒரே அளவில் வந்து நின்றன. கேபினுக்குள் வெந்நீர் ஆவி மாதிரி காற்று.

"என்னடி சொல்லுது?" அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டான்.

"கேஸ் இருக்கு. கம்ப்ரஸர் நல்லா இருக்கு. ஃபேன் ஓடுது. கொஞ்ச நேரம் குளிருது, அப்புறம் கிளட்ச் விட்டுடுது. கரண்ட் பாதி வழியில எங்கயோ நிக்குது."

"எங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி முள்ளை முறைச்சுக்கிட்டு இருக்கேன்? இதுல தண்ணி வேற. கிளீனர் சீட்டுக்குக் கீழ குளமே கட்டியிருக்கு, பாத்தியா? நீ அந்தப் பக்கம் ஏறிப் பாரேன்."

"நீயே பாரு" என்றான் அவன்.

அவள் அப்போதுதான் கவனித்தாள். இத்தனை நாள் வேலையில் அண்ணன் அந்தக் கிளீனர் சீட்டில் ஒருமுறைகூட உட்காரவில்லை. துடைக்க வேண்டுமென்றால்கூட வெளியே நின்று கையை நீட்டித் துடைப்பான்.

கை என்றதும் சொல்ல வேண்டும். அந்தக் கை மாதிரி பொறுமையான கையை எந்தப் பட்டறையிலும் பார்க்க முடியாது. துருவேறி இறுகிப்போன நட்டு என்றால் மற்றவர்கள் சுத்தியை எடுப்பார்கள். இவன் எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்சம் சூடு காட்டுவான், மறுபடி உட்காருவான். நட்டுக்குத் தாலாட்டுப் பாடுகிறவன் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். நட்டு கடைசியில் தானாகக் கழன்று அவன் உள்ளங்கையில் விழும்.

ஜில்லுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மணி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அப்பா என்ன பண்ணுவார் ஞாபகம் இருக்கா? இந்த ஏசி நின்னா டேஷ்போர்டுல ஒரு குத்து விடுவாராம். உடனே குளிர் வருமாம். வீட்டுக்கு வந்து பெருமையாச் சொல்லுவாரே?"

சொல்லிக்கொண்டே அவள் முஷ்டியை மடக்கி டேஷ்போர்டின் நடுவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

'டிக்.' கிளட்ச் பிடித்தது. குளிர் வந்தது.

"வந்துடுச்சு! பாத்தியா, அப்பா வைத்தியம்!" அவள் குதித்தாள்.

வெளியே ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணன் வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"அதைச் செய்யாத" என்றான்.

"ஏன்? நல்லாத்தானே..."

"செய்யாதன்னா செய்யாத!"

அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான், திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருந்தான். ஜில்லுவுக்குச் சுருக்கென்றது. சரி, கோபம் அப்பா மேல், பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அவள் டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

மேல்மூடி வந்தது. உள்ளே ஏசியின் குளிர்ச் சுருள், அதாவது கூலிங் காயில், இருக்கும் பெட்டி. அதன் அடியில் தண்ணீர் வடியும் தட்டு, தட்டின் மூலையில் தண்ணீரை வெளியே விடும் சின்னக் குழாய். தட்டு நிறையச் சேறு. குழாயின் வாயில் ஏதோ அடைத்திருந்தது. அவள் கம்பியால் நெம்பினாள். கல் போல ஒன்று துள்ளி மடியில் விழுந்தது.

துடைத்துப் பார்த்தாள். கல் இல்லை. வேரோடு ஒரு பல்.

பிறகு குழாயடியில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். சிரித்தால் மேல்வரிசையில் அவனுக்கு ஒரு ஓட்டை தெரியும். பாரத்தின் மேல் தார்ப்பாய் கட்டும்போது விழுந்துவிட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை வைத்து அவளே எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாள்.

"அண்ணா, இங்க வா."

அவன் வந்தான். அவள் உள்ளங்கையை விரித்தாள். அவன் பார்த்தான். ஆச்சரியப்படவே இல்லை.

"உள்ளதான் கிடந்துச்சா?" என்றான். "நான் ரோட்டுல விழுந்திருக்கும்னு நினைச்சேன்."

"இது எப்படி ஏசிக்குள்ள வந்துச்சு?"

"டேஷ்போர்டுல ஏசி காத்து வர்ற ஜன்னல்ல மோதினேன். ஜன்னல் உடைஞ்சுது. பல்லும் உடைஞ்சுது."

"நீயா மோதினே?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். அவள் விடவில்லை. "அண்ணா, நீயா மோதினே?"

"பின்மண்டையைப் பிடிச்சு மோதினார்." எஞ்சின் கோளாறைச் சொல்கிற அதே குரலில் சொன்னான். "இந்த ஏசியைப் போட்டு முதல் ஓட்டம். நான்தான் கிளீனர். கிளீனர் தூங்கக் கூடாது இல்லையா? எனக்குக் குளிர் பழக்கம் இல்ல. நல்லா இருந்துச்சு, தூங்கிட்டேன்."

ஜில்லு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம்தான் ஏசி அடிக்கடி நிக்க ஆரம்பிச்சுது" என்றான் அவன். "நின்னா டேஷ்போர்டுல ஒரு குத்து. வந்தா சரி. வரலைன்னா அடுத்தது இந்தப் பக்கம்." கிளீனர் சீட்டைக் கண்ணால் காட்டினான். "அடிச்சா எதுவும் வேலை செய்யும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தார்ப்பாய் கதையைச் சொன்னதே அம்மாதான்."

அவள் அழுதிருக்கலாம். அழாமல் மறுபடி டேஷ்போர்டுக்குள் தலையை விட்டாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான், கோளாறு எங்கே தொடங்கியது என்று பிடித்துக்கொண்டே போவது. தட்டு நிறைந்து தண்ணீர் வழிந்த தடம் தெரிந்தது. தடம் ஒரு கறுப்பு டப்பாவில் போய் முடிந்தது. கம்ப்ரஸருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே. அதைப் பிடுங்கினாள். செருகும் இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பின்பக்கம் விரிசல். விரிசலுக்கு நேர் மேலேதான் அப்பாவின் முஷ்டி விழுந்து விழுந்து குழிந்த இடம், சற்று முன் அவளும் குத்திய இடம்.

பல் விழுந்து குழாய் அடைத்தது. குழாய் அடைத்துத் தண்ணீர் வழிந்தது. தண்ணீர் வழிந்து ரிலே பச்சை பிடித்தது. பச்சை பிடித்ததால் ஏசி நின்றது. ஏசி நின்றதால் குத்து விழுந்தது. குத்து விழும்போது ரிலேக்குள் இருக்கும் தகடு இரண்டும் ஒரு நிமிஷம் ஒட்டிக்கொண்டு குளிர் வந்தது. அந்தக் குளிரை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அவள் கைதட்டிக் கேட்டாள்.

நேற்று தான் சொன்னது அவள் காதில் கேட்டது. மத்தியானம் ஷெட்டுக்கு வாங்கப்பா.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும். நேத்து நான்..."

வெளியே இரும்புக் கதவை யாரோ முஷ்டியால் குத்தினார்கள். தட்டவில்லை, குத்தினார்கள். அண்ணனின் உடம்பு அந்தச் சத்தத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டது. அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"ஜில்லு! என் தங்கமே!"

அப்பா உள்ளே வந்தார். இளைத்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. மணிக்கட்டு மட்டும் இளைக்கவில்லை. ஒரு கையில் ஆரஞ்சுப் பை. அவளை இழுத்து அணைத்து உச்சியில் முத்தம் வைத்தார். பழைய அப்பாவேதான், அதே வாசனை. பல்லை மூடியிருந்த அவள் கை அவர் முதுகைத் தொடாமல் அப்படியே நின்றது.

அப்புறம் எருமையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியது.

"எந்திரிச்சுட்டா பாரு! எவன்டா எழுப்பினது?"

"நானும் இவளும்" என்றான் அண்ணன். தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பரவாயில்லையே, கை கால் விளங்கியிருக்கே உனக்கு. சாவி எங்க?"

"வண்டியிலதான் இருக்கு. ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு வருவதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பையைக் கீழே போட்டுவிட்டுப் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எருமை உறுமியது. இடி சிரித்தார், ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

"நாலு மணிக்குக் கம்பெனி ஆள் வர்றார்" என்று அண்ணன் கீழிருந்து சொன்னான். "மருந்து ஓட்டம். நான் ஓட்டறேன்."

"நீயா?" அப்பா எட்டிப் பார்த்தார். "நீ தூங்கிடுவியேடா!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஜில்லுவின் உள்ளங்கையில் பல் குத்தியது.

அவர் ஏசி சுவிட்சைத் திருப்பினார். காற்று வந்தது, குளிர் வரவில்லை. எப்படி வரும்? ரிலே அவள் சட்டைப் பையில் இருக்கிறது. டேஷ்போர்டு குடலைத் திறந்து போட்டுக்கொண்டு கிடக்கிறது. அவர் அதையெல்லாம் பார்த்தாரா என்ன. முஷ்டி தானாக எழுந்தது. ஒரு குத்து. பெட்டியின் மூலை பெயர்ந்தது. இன்னொரு குத்து.

"அப்பா, அடிக்காதீங்க! ரிலேயைக் கழட்டி வெச்சிருக்கேன்பா!"

அவர் மூன்றாவது தடவை கையை ஓங்கினார். அது விழவில்லை. அண்ணன் படியில் ஏறி நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடித்தான். முறுக்கவில்லை, தள்ளவில்லை, இறுகிய நட்டைப் பிடிப்பது போலப் பொறுமையாகப் பிடித்திருந்தான்.

"இறங்குங்க" என்றான். "இது என் வண்டி."

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனுடைய இன்னொரு கையைப் பார்த்தார். இடது கை, கியர் போடுகிற கை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்திருந்த கதவின் உள்பிடியை அவர் மறு கையால் பிடித்துத் தன் முழுப் பலத்தோடு இழுத்துச் சாத்தினார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கதவு மூடவில்லை என்று மட்டும் சொல்கிறேன். விரல்கள் நடுவில் இருந்தன.

அண்ணன் கத்தக்கூட இல்லை. அப்பா கதவை உதைத்துத் திறந்தார். அவன் மல்லாந்து சிமென்ட் தரையில் விழுந்தான். தலை மோதியது. அவர் குதித்து இறங்கி விலாவில் உதைத்தார். "யார் வண்டிடா? யார் வண்டி? சொல்லுடா!" ஒரு கேள்விக்கு ஒரு உதை. அண்ணன் உடைந்த கையை மார்போடு சேர்த்துச் சுருண்டுகொண்டான். எப்படிச் சுருண்டால் எலும்பு தப்பும் என்று அந்த உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. திருப்பி ஒரு கையைக்கூட நீட்டவில்லை.

"அப்பா! விடுங்கப்பா! செத்துடுவான்பா!" ஜில்லு வண்டியின் மறுபக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளைக் குலுக்கினார். அவள் போய் டயரில் மோதி விழுந்தாள். அவருக்கு அவள் மேல் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. வழியில் இருந்த ஒரு பொருளைத் தள்ளினார், அவ்வளவே.

பக்கத்தில் ஜாக்கிக் கம்பி சாய்த்து வைத்திருந்தது. அவர் அதை எடுத்தார். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். கீழே அண்ணனின் தலை இருந்தது.

ஜில்லுவின் கைக்கு எட்டிய இடத்தில் வீல் ஸ்பேனர் கிடந்தது.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. ஏதோ உடைந்தது. கம்பி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவர் ஒரு காலில் மடங்கினார். இரண்டாவது அடி தோளில். அதற்கும் தேவை இருந்தது என்று வேண்டுமானால் வாதாடலாம், அவர் எழப் பார்த்தார். மூன்றாவது வாயில் விழுந்தது. அதற்குத் தேவையே இல்லை, அவர் அதற்குள் விழுந்துவிட்டிருந்தார். நான்காவதை அவள் ரசித்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? கை வழியாக ஏறிய அந்த அதிர்வு அவளுக்கு நன்றாக இருந்தது. ஸ்பேனர் மறுபடி மேலே போனது.

"போதும்டி." அண்ணன் முழங்காலில் நகர்ந்து வந்து நல்ல கையால் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "போதும் ஜில்லு, விட்டுடு. போதும், போதும்."

அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கப் பெரும்பாடு பட்டான். விரல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்பா தரையில் கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். எருமை இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சிரிப்பது முதலில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

"இவனை..." என்றார். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னார். "இவனை எவ்வளவு அடிச்சுப் பாத்தேன். என்னை மாதிரி வரவே இல்ல. நீ அடிக்காமலே வந்துட்டியே ஜில்லு."

அவர் கண்ணில் இருந்தது வலி இல்லை, பெருமை. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னபோது பார்த்தாரே, அதே பார்வை. அதைப் பார்க்க முடியாமல் அவள் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள்.

அண்ணன் எஞ்சினை அணைத்தான். ஷெட்டில் திடீரென்று அமைதி. பையிலிருந்து சிதறிய ஆரஞ்சுப் பழங்கள் வண்டிக்கு அடியில் கிடந்தன. அவன் அவற்றையே பார்த்தான்.

"இவர் இன்னிக்கு வருவார்னு உனக்குத் தெரியுமா?"

ஜில்லு வாயைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்ல வார்த்தை கிடைத்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் தலையை ஆட்டிக்கொண்டான், அவ்வளவுதான். துடைக்கிற துணியை எடுத்துப் பல்லால் கடித்துக் கையில் சுற்றினான். விரல்கள் போகக் கூடாத பக்கமெல்லாம் போயிருந்தன.

வெளியே ஹாரன் அடித்தது. கம்பெனி ஆள். நாலு மணி என்று சொல்லிவிட்டு அதற்கு முன்பே வந்து நிற்கிற மகானுபாவர்.

"அனுப்பிடலாம்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

"இந்த ஆளை அனுப்பினா இன்னொரு வண்டியைப் பாத்துக்குவான்" என்றான் அண்ணன். "எனக்கு இன்னொரு வண்டி கிடையாது. கொஞ்ச நேரம்தானே, தாங்கும். ரிலேயை மாட்டு."

இரண்டு பேருமாக அப்பாவைத் தோளில் தாங்கிப் பின்னாலிருந்த பெயிண்ட் அறைக்கு நகர்த்தினார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. தண்ணீர் கேட்டார். ஜில்லு கொடுத்தாள், கதவை வெளியே தாழிட்டாள். பிறகு ஓடிப்போய் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டாள். ரிலே செருகும் இடம் பொடிந்து போயிருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்த்தாள். நல்ல நாளில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இன்று இரண்டு தடவை நழுவியது. மூடியை மேலோட்டமாக வைத்து அழுத்தினாள். அண்ணன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினான்.

கம்பெனி ஆள் மூக்குக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக உள்ளே வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"தரையெல்லாம் கழுவி வெச்சிருக்கீங்களே, பட்டறைன்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டினார். "ஓட்டப் போறது யாரு?"

"நான்தான் சார்."

"நாளைக்குக் காலையிலயே லோடு ஏத்தலாமா?"

"ஏத்தலாம் சார்."

"கையில என்ன?"

"கிரீஸ் சார்" என்றான் அண்ணன். துணி ஏற்கெனவே சிவக்க ஆரம்பித்திருந்தது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சரி, ஏசியைப் போட்டுக் கதவு ரெண்டையும் சாத்துங்க. கொஞ்சம் குளிரட்டும். நான் டயரைப் பாத்துட்டு ஏறறேன்."

ஸ்டியரிங்கில் உட்கார அண்ணனுக்குக் கை இல்லை. ஜில்லு ஏறி உட்கார்ந்தாள். அவன் வண்டியைச் சுற்றி வந்தான், மறுபக்கக் கதவைத் திறந்தான், ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கால் இரண்டையும் சேர்த்து, உடம்பை ஒடுக்கி, கதவோரமாக ஒண்டினான். அத்தனை பெரிய மனிதன் எப்படி அவ்வளவு சின்ன இடத்தில் அடங்கினான் என்று தெரியவில்லை.

அவள் சாவியைத் திருப்பினாள். எருமை உறுமியது. பின்னால் பெயிண்ட் அறையின் தகரக் கதவைக் குத்தும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு.

கம்பெனி ஆள் நிமிர்ந்தார். "அங்க யாரு?"

"டின்கரிங் வேலை சார், தகரம் தட்டறாங்க!" ஜில்லு ஜன்னல் வழியாகச் சிரித்துச் சொன்னாள். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றினாள், ஏசியைப் போட்டாள்.

காற்று வந்தது. குளிர் வரவில்லை.

காத்திருந்தாள். டிக் என்ற சத்தம் வரவில்லை. முறுக்கிய ஒயர் விலகியிருக்கும், வேறொன்றும் இல்லை. இரண்டு விரலை உள்ளே விட்டுச் சேர்த்தால் போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் முன் டயரை முடித்துவிட்டுப் பின் டயருக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மூன்றாவது குத்து விழுந்தது.

அவள் கை முஷ்டியாக மடங்கி மேலே எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. அது எழுந்தது. அதே நொடியில் பக்கத்தில் ஏதோ படபடவென்று அசைந்தது. அவள் திரும்பினாள். அண்ணன் துணி சுற்றிய கையையும் சுற்றாத கையையும் சேர்த்து முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடிக்காகக் காத்திருந்தான்.

ஜில்லுவின் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக இறக்கினாள், விரலைப் பிரித்தாள். குனிந்து டேஷ்போர்டுக்குள் இரண்டு விரலை விட்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்தாள்.

டிக்.

நல்ல குளிர். கேபின் முழுக்கப் பரவியது.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "குளிர் வந்துடுச்சுண்ணா."

அவன் கையை இறக்கவில்லை.